ராணி கையில் இருக்கும்போது

சீட்டை இழுத்துக் குடிக்கும் இந்த விளையாட்டுக்கு ஊருக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதி. எட்டு வந்தால் கழிவறைக்குப் போகலாம் என்பான் ஒருவன். எட்டு வந்தால் பக்கத்தில் இருப்பவனையும் கூட்டுச் சேர்த்துக் குடிக்க வேண்டும் என்பான் இன்னொருவன். போன மாதம் தொழிற்சாலை விருந்தில், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கைப்பேசியைத் திறந்து மேசை நடுவில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். சீட்டே கிடையாது. திரையைத் தட்டினால் சீட்டு வருகிறது, விதியையும் அதுவே சொல்கிறது. ராணி வந்தால் எழுந்து நின்று ஆட வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய் நின்றுகொண்டேன். ஒரு குடி விளையாட்டுக்குக் கோபப்படுகிற வயதா இது என்று கேட்டால், ஆமாம், கோபப்படத்தான் செய்வேன். எங்கள் வீட்டு விதிதான் சரியான விதி.

எங்கள் வீடு என்றால் ஜொகூரின் பாசிர் கூடாங்கில், தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பு ஒன்றின் கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டு வாடகை வீடுகள். ஒன்றில் நாங்கள் மூன்று ஆண்கள், அடுத்ததில் இரண்டு பெண்கள். ஐந்து பேருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்டு, ஒரே பேருந்து. பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் இடுப்பு உயரம்தான். அதை ஒட்டி எங்கள் பக்கம் தகரக் கூரை போட்ட இடத்தில் ஒரு பழைய மேசை கிடந்தது. ஓய்வு நாள் என்றால் தூங்கி எழுந்து, சமைத்துச் சாப்பிட்டு முடித்தபின், மத்தியான வெயில் தகரத்தில் ஏறும் நேரத்தில் அங்கேதான் சீட்டு.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் எங்களோடு தங்கியிருந்த சீன நண்பன், யோங் பெங்காரன். ஒரு பெரிய கோப்பையை நடுவில் வைத்துச் சுற்றிலும் சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்புவான். முறை வைத்து ஆளுக்கு ஒன்று இழுக்க வேண்டும். இரண்டு வந்தால் யாரையாவது கைகாட்டிக் குடிக்க வைக்கலாம். மூன்று வந்தால் நீயே குடி. நான்கு வந்தால் எல்லோரும் தரையைத் தொட வேண்டும், கடைசியில் தொட்டவனுக்குத் தண்டனை. ஏழு வந்தால் ஒன்று, இரண்டு என்று சுற்றி எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஏழு வரும் எண்ணில் வாயைத் திறக்காமல் கையைத் தட்ட வேண்டும். எட்டுதான் கழிவறைச் சீட்டு. அது கையில் இல்லாதவன் எவ்வளவு நெளிந்தாலும் நாற்காலியை விட்டு எழக் கூடாது. ஒன்பது வந்தால் ஏதாவது ஒரு வகை சொல்லி, அதில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஜொகூரில் உள்ள ஊர்கள் என்று ஒருமுறை கேட்டு, பாதி மத்தியானம் அதிலேயே போனது.

ராஜா எடுத்தவன் ஒரு புதுச் சட்டம் போடலாம். போட்டுவிட்டுத் தன் கோப்பையிலிருந்து நடுக் கோப்பையில் கொஞ்சம் ஊற்ற வேண்டும். நான்காவது ராஜாவை எடுக்கும் பாவிதான் அந்த நடுக் கோப்பையை முழுசாகக் குடிக்க வேண்டும். பீரும் கருப்பு பீரும் இன்னும் என்னென்னவோ அதில் கலந்திருக்கும்.

முதல் நாள் ராஜா எடுத்தது அடுத்த வீட்டு அக்கா, குளுவாங்காரர். அவர் போட்ட சட்டம், யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது. ஆட்டம் முடிந்ததும் அது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பழக்கதோஷத்தில் மறுநாள் பேருந்திலும் ஊர் பெயராலேயே கூப்பிட்டுக்கொண்டோம். அந்த அக்கா குளுவாங் அக்கா ஆனார். எங்களில் மூத்தவர், எங்கள் பகுதியின் மேற்பார்வையாளர், சிம்பாங் ரெங்கத்துக்காரர். அவர் ரெங்கம் அண்ணன். நான் சிகாமட். குளுவாங் அக்காவோடு தங்கியிருந்த பெண் பெக்கான் நானாஸிலிருந்து வந்தவள். நானாஸ் என்றால் மலாயில் அன்னாசி. அவளை எல்லோரும் நானாஸ் என்றே கூப்பிட்டோம். இதை எழுதும்போதுகூட யாருடைய பெயரையும் எழுதக் கை வரவில்லை. எழுதினால் ஒரு மடக்கு குடிக்க வேண்டும் என்று இன்னும் ஏதோ ஒன்று உள்ளே சொல்கிறது.

நானாஸ் பீர் தொடமாட்டாள். அம்மனுக்கு ஏதோ வேண்டுதல் என்றாள். அப்படியென்றால் விளையாட்டில் சேர்க்க முடியாது, தண்டனை இல்லாத ஆட்டம் என்ன ஆட்டம் என்று நான்தான் முதலில் சட்டம் பேசினேன். அவள் எழுந்து உள்ளே போனாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழுக்காத அன்னாசியை வெட்டி, பிழிந்து, உப்பும் சில்லி பாடி என்ற குட்டி மிளகாயும் நசுக்கிப் போட்டு ஒரு கோப்பை நிறைய எடுத்து வந்தாள். "இத ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க, இது தண்டனையா இல்லையான்னு" என்றாள். குடித்தேன். பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யோங் பெங் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அலமாக், எனக்கு பீரே போதும் லா" என்று தன் கோப்பையைக் கட்டிக்கொண்டான். அதன் பிறகு அவளுக்கு மட்டும் அன்னாசிச் சாறு என்பது வீட்டு விதி ஆனது. முகம் சுளிக்காமல் குடிப்பாள். ராஜா எடுத்தால் அதிலேயே கொஞ்சம் நடுக் கோப்பையிலும் ஊற்றிவிட்டு, அதைக் குடிக்கப்போகும் ஆளைத் தேடுவதுபோல் எங்கள் நான்கு பேரையும் பார்ப்பாள்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? காலை ஷிப்டுக்குப் போகும் பேருந்தில் அவள் முன் இருக்கையில் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குவாள். தொழிற்சாலை வாசலுக்கு முன்னால் வரும் வளைவில் தலை முட்டி விழித்துக்கொள்வாள். தினமும் அதே வளைவில், தினமும் முட்டிக்கொண்டு. நான் அந்த வளைவு வருவதற்காகக் காத்திருப்பேன்.

இனி ராணி. யோங் பெங் கொண்டுவந்த விதிப்படி, ராணி எடுத்தவர் பைத்தியம். அடுத்த ராணி வரும்வரை யாரும் அவரோடு பேசக் கூடாது. பேசினால் பேசியவர் குடிக்க வேண்டும். ரெங்கம் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைங்க உக்காந்து விளையாடுறாங்க. அவங்க கையில வந்தா பைத்தியம்னு சொல்றதா? நல்லா இல்ல தம்பி" என்றார். அப்புறம் அவரே திருத்தம் சொன்னார். ராணி எடுத்தவர் ராணிதான். ராணி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ராணிக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் குடிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லாம் ஏமாற்றுக் கேள்விகள்தான். மணி என்ன, மழை வருதா, அந்தத் துண்டு யாருடையது என்று நடுவில் சாதாரணமாகக் கேட்பார்கள். வாயைக் கொடுத்தவன் மாட்டுவான். குளுவாங் அக்கா ஒரே கேள்வியில் ஒவ்வொரு முறையும் விழுவார். "அக்கா, கேஸ அடைச்சீங்களா?" என்று கேட்டால் போதும். "அடைச்சேனே" என்று பாதி எழுந்துவிடுவார். நான் மட்டும் ஒருமுறைகூட விழுந்ததில்லை. ராணி யார் கையில் இருக்கிறது என்பதை நான் மறக்கவே மாட்டேன். வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல் உட்கார்ந்திருப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரு மத்தியானம் ராணி ரெங்கம் அண்ணன் கையில் வந்தது. அவர் மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய் வருவார். அந்த வாரம்தான் போய்விட்டு வந்திருந்தார். சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "என் மவன் ஏன் எங்கிட்ட பேச மாட்டேங்குறான்?" என்று கேட்டார். ஏமாற்றுக் கேள்வி இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதான் விதி. குளுவாங் அக்கா அடுத்த சீட்டை இழுத்தார். ஆட்டம் நடந்தது. அன்று மாலை அண்ணன் வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டார் என்று எனக்கு நினைவு.

அன்றிலிருந்து ராணி மாறிப்போனது. இப்படி மாற்றலாம் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை, தானாக நடந்தது. ஊரில் அப்பாவின் இரும்புக் கடையைப் போய்ப் பார்த்துக்கொள்வதா வேண்டாமா என்று யோங் பெங் கேட்டான். செத்துப்போன தங்கையை இன்னும் எத்தனை நாளைக்குக் கனவில் பார்ப்பேன் என்று குளுவாங் அக்கா கேட்டார். பதில் வராது என்று தெரிந்துகொண்டு கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. யாரும் ஆறுதல் சொல்லமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள், எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று தன் கதையை எடுத்து விடமாட்டார்கள். கேட்டதை நான்கு பேர் கேட்டுக்கொண்டார்கள் என்பதோடு முடிந்துவிடும். அப்படி ஒரு மேசை எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை. கோவிலில் இல்லை, உறவுக்காரர்களிடம் இல்லை, எங்கேயும் இல்லை.

அவள் மட்டும் ராணி வந்தால் பழைய மாதிரி மணி என்ன என்றுதான் கேட்பாள். உண்மையான கேள்வி எதையும் அவள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என்னிடம் இருந்தது ஒரே கேள்வி, அதை நான்கு பேர் முன்னால் எப்படிக் கேட்பது?

பிறகு ஒரு வாரம் அவள் ஊருக்குப் போய்விட்டு வந்தாள். வழக்கமாக இரண்டு கையிலும் அன்னாசி தொங்கும். அந்த முறை அன்னாசி இல்லை, ஒரு பலகாரப் பெட்டி இருந்தது. பெண் பார்க்க வந்திருந்தார்கள் என்று குளுவாங் அக்காதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை, நல்ல இடம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் ஒரு லட்டை எடுத்துத் தின்றேன். நன்றாக இருந்தது என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அன்று மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்தோம். சாறு பிழிய அன்னாசி இல்லாததால் எலுமிச்சையைப் பிழிந்து உப்புப் போட்டுக்கொண்டாள். மூன்று சுற்று போயிருக்கும். அவள் இழுத்ததில் ராணி வந்தது. சீட்டை மேசைமேல் திருப்பி வைத்தாள். மணி என்ன என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்து, யோங் பெங் முன்கூட்டியே உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான்.

"சிங்கப்பூர் மாப்பிள்ளைக்கு நான் சரின்னு சொல்லட்டுமா?"

எல்லோரையும் பார்த்துத்தான் கேட்டாள். என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள் என்று கதை கட்ட மாட்டேன். ரெங்கம் அண்ணன் கூரையைப் பார்த்தார். குளுவாங் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு ராணி யார் கையில் இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். என்ன விதி என்பதும் தெரியும். பீர்கூட ஒரு மடக்குக்கு மேல் உள்ளே போகவில்லை.

"வேணாம்" என்றேன். "சொல்லாதீங்க."

ஒரு நொடிதான். யோங் பெங் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "கெனா! சிகாமட் கெனா லா!" என்று மேசையைத் தட்டினான். ஒருநாளும் மாட்டாதவன் மாட்டிவிட்டேன் அல்லவா? குளுவாங் அக்கா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "தவள தன் வாயாலதான் கெடும்" என்று அண்ணன் என் கோப்பையை விளிம்புவரை நிரப்பினார். தெரு நாய்கூடக் குரைத்தது. நான் அவளைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி என் கோப்பையைக் காட்டினாள், குடிங்க என்பதுபோல். நான் குடித்தேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மையான வார்த்தை ஆட்டத்தில் தோல்வியாகக் கணக்கில் ஏறிவிட்டது. மறுநாள் பேருந்தில் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நானும் எனக்கு நானே அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் கேட்டாள், நான் சொன்னேன், அவள் சிரித்தாள். அதுவே பதில் என்றுதான் எனக்குத் தோன்றியது. பதில் வேண்டும் என்று நினைத்திருந்தால், சீட்டு கையில் இல்லாதபோது இன்னொரு தடவை கேட்டிருப்பாள் என்றும் நினைத்தேன். பேருந்து அந்த வளைவில் திரும்பியபோது அவள் தூங்கவில்லை, விழித்துத்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பெக்கான் நானாஸில் கோவில் மண்டபத்தில் கல்யாணம். நாங்கள் நான்கு பேரும் ஒரே காரில் போய் வாழ்த்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அவளுக்குப் பிறகு அந்த மேசை நீடிக்கவில்லை. யோங் பெங் அப்பாவின் கடைக்குப் போனான். அக்கா குளுவாங் பக்கமே ஒரு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் ஓய்வு பெற்றார். நான் இன்னும் அதே தொழிற்சாலையில், அதே வீட்டில் இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அவள் காரணம் என்று சொன்னால் பொய். பார்த்த இடங்கள் தட்டிப்போயின, பிறகு நானும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஓய்வு நாள் மத்தியானத்தில் பின்பக்கம் போய் நிற்பேன். அடுத்த வீட்டில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது, சுவரை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால், யாரோ கோப்பையைக் கழுவிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று ஒரு கணம் காத்திருப்பேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் காத்திருப்பேன். இந்த ஏக்கத்துக்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியவில்லை. மருந்து இருந்தால்கூட வாங்குவேனா என்பது சந்தேகம்.

இந்த வருடம் ரெங்கம் அண்ணனின் மகன் சிம்பாங் ரெங்கத்தில் வீடு கட்டிப் புகுந்தான். அப்பாவோடு பேசாமல் இருந்த அதே மகன்தான். வாசலில் நின்று அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்களை வரவேற்றான். நாங்கள் எல்லோரும் வந்திருந்தோம். அவளும் சிங்கப்பூரிலிருந்து கணவனோடும் மகளோடும் வந்திருந்தாள். அவள் கணவனை முறைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வந்த கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலிகளைத் தூக்கிப் போட ஆரம்பித்துவிட்ட மனுஷன் அவர். "வாங்க அண்ணே, நீங்க உக்காருங்க" என்று எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டார். உட்கார்ந்தேன்.

சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் பாதி கிளம்பியபின், யோங் பெங் சட்டைப் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தான். பிள்ளைகள் இருந்ததால் இன்று எல்லோருக்கும் சிராப் என்ற ரோஸ் சர்பத்துதான் என்று முடிவானது. ஐஸ் எடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். சமையலறையில் அவள் தனியாக நின்று தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கள ஒன்னு கேக்கணும்" என்றாள்.

"கேளுங்க."

"அன்னைக்கு வேணாம்னு சொன்னீங்களே. தெரிஞ்சு சொன்னீங்களா, இல்ல ரூல மறந்துட்டுச் சொன்னீங்களா?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கத்தி தோலில் பதிந்தபடியே நின்றது, அவள் வெட்டவில்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். அத்தனை சிரிப்பிலும் இரைச்சலிலும் என் வார்த்தை தொலைந்துபோனது என்று நினைத்திருந்தேன். தொலையவில்லை, அவள் வைத்திருந்தாள். இப்போது அவள் கையில் சீட்டும் இல்லை. பதில் சொன்னால் தண்டனை என்று ஒன்றும் இல்லை. கூடத்தில் அவள் கணவன் அவர்கள் மகளுக்கு ஏழு வந்தால் எப்படிக் கை தட்ட வேண்டும் என்று யோங் பெங்கிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை தப்பான இடத்திலெல்லாம் தட்டியது. அவள் கண்ணில் இருந்தது ஆசை இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். அது பயம்.

"மறந்துட்டுத்தான்" என்றேன்.

"நீங்களா? ரூலயா?"

"அன்னைக்கு ரெண்டு மடக்கு கூடிப்போச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் குளிர்பெட்டிக்குள் கையை விட்டு, எடுத்த ஐஸையே மறுபடி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லவேள" என்றாள். "இத்தன வருஷமா மனசுல ஒரு முள்ளு மாதிரி. ஒருத்தர் நெசமா சொன்னத சிரிச்சுத் தள்ளிட்டுப் போய்ட்டேனோன்னு."

பிறகு பழத்தை வெட்டி முடித்து, தட்டில் அடுக்கி, எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே அவள் எதற்கோ சிரிப்பது கேட்டது. அந்தத் தகரக் கூரையின் கீழே அவள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள், இவ்வளவு லேசாகச் சிரித்து நான் கேட்டதில்லை. ஐஸ் எங்கே என்று யோங் பெங் கத்தினான். வருகிறேன் என்றேன், போகவில்லை. நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது, இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். போதவில்லை.